சொல்லியாச்சு

மாடிப்படியின் திருப்பத்தில் நின்றால் எங்கள் வீட்டில் இரண்டு இடங்கள் தெரியும். கீழே அடுக்களை வாசல், மேலே குளியலறைக் கதவு. அந்த வெள்ளிக்கிழமை நான் அங்கேதான் நின்றிருந்தேன். அடுக்களையில் என் மனைவியின் உம்மா, நாங்கள் அம்மாயி என்று கூப்பிடுகிறவர், பிரியாணிச் செம்பின் வாயைச் சுற்றி ஒட்டியிருந்த மாவைக் கத்தியால் பெயர்த்துத் தம் உடைக்க ஆரம்பித்தார். நான் மேலே பார்த்துத் தலையசைத்தேன். கதவோரம் காத்திருந்த தன்ஸீர் உள்ளே போய்த் தாழிட்டான். இந்நேரம் புதுச்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருப்பான். தம் உடைத்ததும் எனக்கு ஒரு கண்ணைக் காட்டுங்கள் என்று அவன்தான் கேட்டிருந்தான்.

தன்ஸீர் இந்த வீட்டின் புதியாப்பிள. என் மனைவி ஸாஹிராவின் தங்கை ஹஸ்னாவுக்கும் அவனுக்கும் கல்யாணமாகி மூன்று வாரம்தான். தலைச்சேரியில் நாங்கள் கல்யாணம் பண்ணிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள். நானும் பதினேழு வருடத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்தேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செருப்புக்கடை வைத்திருக்கிறேன், பெயர் ஹாரிஸ். முதல் வருடம் எனக்கும் கோழி முழுசாக வந்தது, வயிற்றுக்குள் முட்டை வைத்துப் பொரித்து. இப்போது கழுத்தும் முதுகும் வருகின்றன. புதியாப்பிள என்பது ஒரு பதவி. அடுத்த ஆள் வரும்வரைதான் அது நம்முடையது. அதற்காக நான் பொறாமைப்பட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொஞ்சம் பட்டேன்.

பதவிக்குச் சட்டதிட்டம் உண்டு. வெள்ளிக்கிழமை சல்க்கார விருந்துக்குப் பெண் வீட்டார் எடுத்துக்கொடுத்த உடுப்பைத்தான் உடுத்த வேண்டும். வைத்ததைச் சாப்பிட வேண்டும். போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி விழும். முக்கியமாக, எதையும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது, ஒரு வாய்த் தண்ணீர்கூட. கேட்டால் அந்த வீட்டுப் பெண்களுக்கு அதைவிடப் பெரிய குறைச்சல் இல்லை. மாப்பிள்ளை கேட்கும்படி விட்டுவிட்டார்கள் என்று தெரு பேசும்.

தன்ஸீருக்குச் சர்க்கரை நோய். வயதானவர்களுக்கு வருவது அல்ல, சிறுபிள்ளையிலேயே வருகிற வகை. இடது கையின் மேல்பாகத்தில், பின்பக்கமாக, பெரிய நாணயம் அளவில் ஒரு வெள்ளை வில்லை ஒட்டியிருப்பான். அதன் அடியில் மயிரிழை போல ஒன்று தோலுக்குள் போயிருக்கும். உடம்பில் சர்க்கரை ஏறுவதையும் இறங்குவதையும் அது ஓயாமல் அவன் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை ஒட்டுவான். முழுக்கைச் சட்டை போட்டால் வெளியே தெரியாது. இது இந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். ஆனால் எல்லோருக்கும் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான், ஏனென்றால் அப்படித்தான் நான் அவனிடம் சொல்லியிருந்தேன்.

சம்பந்தம் பேசியது நான். பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தபோது ஒருநாள் அவன் என்னைக் கடற்பாலத்துக்குப் பக்கத்துச் சாயாக்கடைக்குக் கூப்பிட்டான். சர்க்கரை போடாத சாயா சொல்லிவிட்டு, சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினான்.

"பதினோரு வயசுலேர்ந்து இருக்கு இக்கா. காலம் முழுக்க ஊசி போட்டுக்கணும். இதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துல உள்ளதச் சொன்னேன், ரெண்டும் நின்னு போச்சு. ஆனாலும் சொல்லாம கட்டிக்க மனசு வரல. நீங்க வீட்டுல சொல்லிடுங்க. வேணாம்னா வேணாம், எனக்கு ஒரு சங்கடமும் இல்ல."

சங்கடமில்லை என்று சொன்னவன் சாயா ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனை அந்த நிமிடமே பிடித்துப்போனது. நான் பார்த்துக்கொள்கிறேன், கவலைப்படாதே என்றேன்.

சொல்லத்தான் போனேன். மூன்று தடவை போனேன். முதல் தடவை அம்மாயி கல்யாணத் துணிகளைக் கட்டில் முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் தடவை துபாயிலிருக்கும் அவர் தம்பி போனில் இருந்தார். மூன்றாம் தடவை, நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "ஹாரிஸே, என் வயித்துல பொறந்த ஆம்பளப்புள்ள இருந்திருந்தாக்கூட இவ்வளவு நல்ல எடம் பாத்திருக்க மாட்டான்." பதினேழு வருடத்தில் அவர் என்னை இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பி வந்தேன். அன்று மாலை தன்ஸீர் போன் பண்ணினான்.

"சொன்னீங்களா இக்கா?"

"சொல்லியாச்சு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

அது மட்டும் உண்மை.

கல்யாணம் முடிந்து, வெள்ளிக்கிழமைகள் வந்தன. முட்டை மஞ்சளைச் சர்க்கரைப் பாகில் இழையாக விட்ட முட்டமாலை, அல்சா, உன்னக்காய், நெய்ப்பத்திரி என்று விரிப்பு நிறைந்தது. தன்ஸீர் ஒவ்வொன்றிலும் கிள்ளிச் சாப்பிட்டான், இனிப்பை நகர்த்தி வைத்தான். அம்மாயியின் முகம் சுருங்கியது. "பெரிய எடத்துப் பையன், நம்ம கைப்பக்குவம் எறங்கல போல" என்று ஸாஹிராவிடம் சொல்லி, அடுத்த வாரம் சர்க்கரைப் பாகை இன்னும் கெட்டியாகக் காய்ச்சினார். அவனோ என்னிடம் தனியாக, "தெரிஞ்சும் வைக்கிறாங்க பாருங்க, அவ்வளவு பாசம்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அன்று எனக்கு வந்த கோழிக்கழுத்தைக்கூட முழுசாகத் தின்ன முடியவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து நண்பர்களோடு வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இன்னிக்கு உம்மாவோட மனசு நெறையச் சாப்பிடப் போறேன் இக்கா. அதுக்குத் தக்கன கூட ஊசி போட்டுக்கறேன். போட்டுட்டா கால்மணி நேரத்துல தட்டு முன்னாடி உக்காந்துடணும், அவ்வளவுதான்" என்றான். தம் உடைக்கும்போது கண் காட்டச் சொன்னது அதற்காகத்தான்.

அவன் குளியலறையிலிருந்து வெளியே வந்த நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. பக்கத்து வீட்டு அபூட்டி ஹாஜி மவுத்தாகிவிட்டார். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். அம்மாயி பாதி பெயர்த்த மூடியைத் திரும்பச் செம்பின் மேலேயே அழுத்தி வைத்தார்.

"நாப்பது வருஷமா சுவத்துக்குச் சுவரு. மய்யித்து அங்க கெடக்கும்போது இங்க தட்டு சத்தம் கேக்கக் கூடாது. அஸருக்கு எடுத்துடுவாங்க, அப்புறம் வெளம்பலாம். புதியாப்பிளகிட்ட நீயே சொல்லிடு ஹாரிஸ்."

அஸர் தொழுகைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நான் மாடியேறி, பக்கத்தில் மவுத்து, சாப்பாடு கொஞ்சம் தாமதமாகும் என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டான். கேட்கிறவன் முகம் வாடக் கூடாது என்று எனக்கு ஒரு வியாதி உண்டு, அதற்குத்தான் ஊசியே கிடையாது. "கொஞ்ச நேரந்தான்" என்றேன். அவன் மிட்டாய் எப்போதும் பையில் வைத்திருப்பான் என்பது எனக்குத் தெரியும். அந்த மிட்டாய் பழைய சட்டைப் பையில் இருந்ததும், பழைய சட்டையை வேலைக்காரப் பெண் வாளியில் ஊறப்போட்டிருந்ததும் எனக்குத் தெரியாது. எப்படியும் அம்மாயி ஒரு தம்ளர் ஜூஸாவது அனுப்புவார், எல்லாம் தெரிந்த வீடுதானே என்று அவன் நினைத்திருக்கிறான். சரி இக்கா, நீங்க போங்க என்றான்.

நான் போனேன். அவனோடு வந்த நண்பர்களும் ஒரு மரியாதைக்கு என் பின்னாலேயே வந்தார்கள். சாவு வீட்டில் எனக்கு எப்போதுமே சுறுசுறுப்பு வந்துவிடும். நாற்காலி போட்டேன். கண்ணூரிலிருக்கும் மகனுக்குப் போன் பண்ணினேன். குழி வெட்டுகிறவர்களிடம் இடத்தைப் பற்றிப் பேசினேன். இரண்டு பேர் என்னிடம் வந்து யோசனை கேட்டார்கள், சொன்னேன். ஊசி நினைவுக்கே வரவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது, ஆனால் உண்மையிலேயே வரவில்லை.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். உள்ளே பெண்கள் யாஸீன் ஓதிக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து ஒரு போன் வீறிட்டது. சாதாரண மணியல்ல, ஆம்புலன்ஸ் கத்துவது போல ஒரு சத்தம். வெளியே இருந்த பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பக்கவாசலில் ஹஸ்னா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்று, ஆண்கள் கூட்டத்தில் என்னைத் தேடினாள். அருகில் போனதும் போனைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பில் ஐம்பத்தேழு என்று இருந்தது. பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்பு.

"ஊசி போட்டாரா?"

"போட்டான். தம் ஒடைக்கும்போதே."

அவள் சந்தில் இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன். அவளுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

"ஒனக்கு எப்படி…"

"கட்டினவருக்குக் கையில ஒட்டியிருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா?" அவள் திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "மொத ராத்திரியே பாத்தேன். இக்கா சொல்லியிருப்பாரேன்னார். ஆமா, சொன்னார்னு சொல்லிட்டேன். அந்த மூஞ்சியப் பாத்துட்டு வேற என்ன சொல்லச் சொல்றீங்க? மறுநாள் உங்ககிட்ட கேக்கலாம்னு வந்தேன். நீங்க என் கண்ணையே பாக்கல. மூணு வாரமாப் பாக்கல."

"உம்மாகிட்ட நீயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அவர் காதுக்குப் போகும். நீங்க சொன்னது பொய்னு தெரியும். நான் சொன்னதும் பொய்னு தெரியும். அதான் நானே அவர் தட்டப் பாத்துக்கிட்டு, அவர் போனுக்கு வர்ற நம்பர் என் போனுக்கும் வர்ற மாதிரி வச்சு அதப் பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு நம்பித்தான் ஓத வந்தேன்."

இருபத்துமூன்று வயதுப் பெண். என் பொய்யை என்னைவிடப் பத்திரமாகச் சுமந்திருக்கிறாள்.

மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த தன்ஸீர் கூடத்துச் சாய்வு நாற்காலியில் கிடந்தான். புதுச்சட்டை உடம்போடு ஒட்டி நனைந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. அம்மாயி அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, கையை உருவிவிட்டு, செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு தம்ளர்.

"காத்துக்கருப்பு ஏதோ பட்டிருக்கு. உப்புப் போட்டு எலுமிச்சம்பழம் கரைச்சுக் குடுத்தா குடிக்க மாட்டேங்குறான். கையில என்னமோ ஒட்டிக்கிட்டிருக்கு, பிச்சு எடுக்கப் போனா தட்டி விடுறான். டாக்டரக் கூப்பிடு ஹாரிஸ்."

ஹஸ்னா நேராக அடுக்களைக்குள் போனாள். வரும்போது கையில் முட்டமாலைக் கிண்ணம். மஞ்சள் இழைகளை ஒதுக்கிவிட்டு அடியில் நின்ற பாகைக் கரண்டியில் எடுத்து அவன் வாயில் விட்டாள். முதல் கரண்டி தாடையில் வழிந்தது. இரண்டாவது உள்ளே போனது. அப்புறம் அவனே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி, அடுத்தது அடுத்தது என்று வாயைத் திறந்தான்.

"பாத்தியா" என்றார் அம்மாயி. முகம் மலர்ந்துவிட்டது. "மூணு வாரமா வேணாம் வேணாம்னு பிகு பண்ணிட்டு, மனசுக்குள்ள முட்டமாலைன்னா உசிரு." அப்புறம் மகளுடைய முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விசிறுவதை நிறுத்தினார்.

 ஹஸ்னா போனைத் தரையில் வைத்திருந்தாள், கால்மணி நேரம் எல்லோரும் அதையே பார்த்தோம். அறுபத்துமூன்று, எழுபத்தொன்று, எண்பத்தெட்டு. சுவருக்கு அந்தப்பக்கம் யாஸீன் நடந்துகொண்டிருந்தது. தன்ஸீர் நிமிர்ந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்தான். தன் கை சட்டைக்கு வெளியே இருப்பதும், அம்மாயி அந்த வில்லையையே பார்த்துக்கொண்டிருப்பதும் அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"மன்னிச்சுக்குங்க உம்மா. சாவு வீட்டுக்குப் பக்கத்துல உங்கள எல்லாம் பயமுறுத்திட்டேன். சர்க்கரை எறங்கிப் போச்சு."

"என்ன சர்க்கரை மோனே? இது என்ன?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "இக்கா சொன்னாரே" என்றான்.

அம்மாயி என்னைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தபடி மெதுவாகத் தலையை ஆட்டினார், இல்லை என்று. தன்ஸீர் ஹஸ்னாவின் பக்கம் திரும்பினான்.

"தெரியும்னு சொன்னியே."

"அன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள் அவள். "தெரிஞ்சும் எனக்கு ஒண்ணும் தோணல. அது சத்தியம்."

நான் ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அதுதான். எலுமிச்சம்பழத் தம்ளரை எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தேன். அவன் என் பக்கம் பார்த்தபோது கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கணக்குத் தப்பாகப் போட்டுவிட்ட பிள்ளை மாதிரிதான் பார்த்தான்.

"நீங்க சொல்லியாச்சுன்னு சொன்ன அன்னிக்கு, நான் வீட்டுக்குப் போயி எங்க உம்மாகிட்ட சொன்னேன் இக்கா. அந்த வீட்ல எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலன்னு. எங்க உம்மா முசல்லாவ விரிச்சு உக்காந்து அழுதாங்க. பதினஞ்சு வருஷமா அவங்க கேட்ட துஆ அதுதான். இன்னைக்கும் ஒவ்வொரு தொழுகையிலயும் உங்க எல்லாருக்காகவும் துஆ கேக்குறாங்க. நான் இப்ப போயி அவங்ககிட்ட என்ன சொல்லணும்?"

 அம்மாயி முட்டியில் கை ஊன்றி எழுந்தார். இனிமேல்தான் இருக்கிறது என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். பையன் கடைசி வரை உள்ளதைச் சொன்னவன், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும் என நாக்கைத் தயார் பண்ணிக்கொண்டேன். அவர் அவன் பக்கத்தில் போய், விரல் நுனியால் அந்த வில்லையின் ஓரத்தைத் தொட்டார்.

"வலிக்குமா?"

"இல்ல உம்மா."

"மூணு வாரமா ஒனக்கு வெஷத்தயா வெளம்பிக்கிட்டிருந்தேன்?"

"வெஷமில்ல உம்மா. எல்லாம் சாப்பிடலாம், ஊசிய முன்னாடியே போட்டுட்டா. எப்ப வெளம்புவீங்கன்னு சரியாத் தெரியணும், அவ்வளவுதான்."

அம்மாயி அவன் சட்டைக் கையை எடுத்து மாட்டிவிட்டார். "அப்ப இனிமே தம் ஒடைக்கும்போது நானே வந்து ஒங்கிட்ட சொல்றேன். நடுவுல ஆள் வேணாம்" என்றார்.

என்னைத் திட்டவில்லை. அதற்கப்புறம் என்னிடம் எதுவும் சொல்லவே இல்லை. பதினேழு வருடத்தில் அவர் வாயால் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது எவ்வளவோ, எதுவும் இப்படி வலித்ததில்லை. நான் அடுத்த வீட்டுக்குத் திரும்பப் போனேன். அஸர் தொழுதோம். சந்தூக்குப் பெட்டியைச் சுமக்க என் தோளையும் கொடுத்தேன். வழியெல்லாம் தன்ஸீரின் உம்மாவை நினைத்துக்கொண்டு நடந்தேன். அவரைக் கல்யாணத்தன்று ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஒல்லியான பெண்மணி, என் கையைப் பிடித்துக்கொண்டு என்னமோ சொன்னார், பந்தல் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. கேட்டதாகத் தலையாட்டியிருந்தேன்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. தன்ஸீரின் நண்பர்கள் கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். தன்ஸீர் போகாமல் மாடியில்தான் இருந்தான் என்று ஸாஹிரா சொன்னாள்.  அடுக்களையில் செம்பின் மூடி நகரும் சத்தம் கேட்டது. அம்மாயி கையைத் துடைத்துக்கொண்டு, முட்டி வலியோடு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக மேலே ஏறினார். ஏழு வருடமாக மாடிக்கே போகாதவர். மேலே கதவு தட்டும் சத்தம். "தம் ஒடைச்சாச்சு மோனே." கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் ஓசை.

விரிப்பு விரித்தார்கள். நண்பர்களுக்குத் தனித்தனித் தட்டுகள். நடுவில் அந்தப் பெரிய தாம்பாளம், புதியாப்பிளயும் வீட்டின் மூத்த மாப்பிள்ளையும் ஒன்றாகக் கை போட்டுச் சாப்பிடுவதற்காக வைப்பது. அம்மாயி அதில் சோற்றைக் குவித்து, கோழியை நடுவில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தன்ஸீர் இறங்கி வந்தான். சட்டைக் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தான், வில்லையின் கீழ் ஓரம் தெரிந்தது. தாம்பாளத்தின் ஒரு பக்கத்தில் உட்கார்ந்தான்.

நான் கையைக் கழுவிவிட்டு வாசற்படியில் நின்றிருந்தேன். கூப்பிடாமல் போய் உட்காரும் தைரியம் இல்லை. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிஸ்மி சொல்லி வலக்கையைச் சோற்றில் வைத்தான். மற்றவர்கள் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவன் ஊசி போட்டு எத்தனை நிமிடம் ஆகியிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவன் விரல்கள் சோற்றின் மேல் அப்படியே இருந்தன, ஒரு பருக்கையைக்கூட எடுக்காமல். என் இடமான எதிர்ப்பக்கம் ஆள் இல்லாமல் கிடந்தது. என் விரல் நுனியிலிருந்து தண்ணீர் படியில் சொட்டிக்கொண்டிருந்தது.